ஹாரன் அடிக்காத வளைவுகள்

ஞானதுரையின் ஜீப்பில் இரண்டாவது பேட்டரி மாட்டியது அவர் மனைவி கனகபாயின் மூச்சுக்காக. பழையது வண்டியைக் கிளப்ப. புதியது, மலையிறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவளுடைய ஆக்சிஜன் மெஷினை ஓட்ட. "ரயிலையே இழுக்கும் சார்" என்று சத்தியம் செய்த மெக்கானிக் சாகுல், ஹாரன் வயரையும் புதியதிலேயே முறுக்கிவிட்டுப் போயிருந்தான். அது தெரிந்ததே முதல் கொண்டை ஊசி வளைவில்தான். ஹாரன் அலறியதும் மெஷின் நின்றது. மாஸ்க்குக்குள் கனகபாயின் வாய் காற்றைத் தேடித் திறந்தது. ஞானதுரை பதறி ஹாரனிலிருந்து கையை எடுத்தார். மெஷின் மறுபடி உறுமியது. இன்னும் முப்பத்தைந்து வளைவுகள். பட்டப்பகலிலும் பனி, விளக்கு போட்டாலும் எதிரே வருபவனுக்குத் தெரியாது. அந்த மலையில் சத்தம் கொடுக்காமல் திரும்பியவர்களின் பெயர்கள் பாறைகளில் பெயிண்டில்தான் இருக்கின்றன. ஞானதுரை தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "ஓஓஓய்! வர்றோம்!" குரங்குகள் கிளையிலிருந்து பொத்பொத்தென்று விழுந்தன, பக்கத்து மாவட்டத்தில் பசுக்களுக்குப் பால் வற்றியது. "பொண்ணு பாக்க வந்தப்ப இந்த வாய் எங்கங்க போச்சு?" என்று மாஸ்க்குக்குள் முனகினாள் கனகபாய். இருபதாவது வளைவில் அவர் குரல் செத்தது. வாயைத் திறந்தார், வெறும் காற்று வந்தது. அவள் அவரையே பார்த்தாள். பிறகு மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்தாள். "விடுங்க, இது என் வளைவு" என்று தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டினாள். பனிக்குள் எங்கோ ஒரு லாரி கியர் மாற்றியது.