கவிழ்ந்த தட்டு

பேச்சை மீறும் பிள்ளையின் தட்டைக் காசியம்மா கவிழ்த்து வைப்பார். பேரன் பேத்தி எடுத்தவனானாலும் அன்று அவனுக்குச் சோறு கிடையாது. படகை விற்கக் கூடாது என்பதே அவர் கடைசியாகச் சொன்னது.

முதலாண்டு நினைவு நாளில், காரைக்கால்மேட்டு வீட்டில் மீன்குழம்போடு அவருக்குப் படைத்தார்கள். பக்கத்தில் ஆறு பிள்ளைகளின் தட்டுகளையும் வைத்தார்கள். அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, வழக்கப்படி எல்லோரும் வெளியே நின்றார்கள்.

"உப்பு பத்தலன்னு திட்டப்போவுது" என்றான் இளையவன் அருள்மணி.

எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவர் அன்பழகன் சிரிக்கவில்லை. படகை விற்க அன்று காலைதான் அவர் யாருக்கும் தெரியாமல் ஒப்புக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தார்கள். படையல் அப்படியே இருந்தது. அன்பழகனின் தட்டு மட்டும் கவிழ்ந்திருந்தது.

யார் கவிழ்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"என்ன செஞ்சீங்கண்ணே?" என்றாள் தங்கை.