ஐந்தாவது மெயில்

"இலவசமா குடுத்துட்டு நிபந்தனை வேற," என்று பொருமினார் தொழிற்சாலை மேலாளர். "இந்த மென்பொருளை வச்சுத் தொழிலாளிகளை வேவு பார்க்கக் கூடாதாம்."

"எழுதினவங்க இஷ்டம்தானேப்பா?" என்றாள் மகள்.

"பொதுவுல வச்சா எல்லாருக்கும்தானே? புனைபெயர்ல ஒளிஞ்சுக்கிட்டு எனக்கே தண்ணி காட்டுறான். நாலு மெயில் போட்டுக் கேட்டாச்சு. எங்களுக்கு மட்டும் விலக்கு குடுக்கச் சொல்லி நீயே நயமா ஒரு மெயில் எழுது."

அவருடைய மடிக்கணினியில் மகள் எழுதினாள். படித்துப் பார்த்து, திருப்தியோடு அவரே அனுப்பினார்.

அடுத்த நொடி மகளின் கைபேசி ஒலித்தது. திரையில் அந்தப் புனைபெயருக்கு அவர் அனுப்பிய அதே மெயில்.

மேலாளர் மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ பதில்?"

"முடியாதுப்பா."

அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த மனைவியிடம் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னார்: "இங்க வந்து பாரேன். எனக்கே தண்ணி காட்டியிருக்கா என் பொண்ணு."