தலைமாட்டு நாற்காலி

என் தொப்பை இடித்துவிட்டது.

இடித்தது சாதாரண இடத்தில் இல்லை. ஆபரேஷன் மேசையில் திறந்திருந்த முதுகெலும்பைக் கவ்வி நிற்கும் சின்னக் கம்பியில். அதன் நுனியில் மினுங்கும் உருண்டைகளைப் பார்த்துத்தான் கேமரா கணக்குப் போட்டு, என் கையிலிருக்கும் கருவி எலும்புக்குள் எங்கே போகிறது என்று திரையில் காட்டும்.

கம்பி நகர்ந்தது திரைக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அழகாகப் படம் காட்டிக்கொண்டிருந்தது.

யாரும் பார்க்கவில்லை.

வெளியே தெரிந்த எலும்பின் முனையில் கருவியை வைத்துப் பார்த்தேன். கையில் எலும்பு தட்டியது. திரையிலோ கருவி எலும்பைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

ஓர் அரிசி அளவு இடைவெளிதான். எலும்பில் போடும் ஸ்க்ரூ அந்த அளவு விலகினால் நரம்பில் இறங்கிவிடும். படுத்திருப்பவரின் கால் விளங்காமல் போகும்.

அந்தப் பாழாய்ப்போன வயிற்றைக் குனிந்து பார்த்தேன்.

மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். கதிர் படாமலிருக்க எல்லோரும் வெளியே போய்விட்டு வர வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். நான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த மெஷின் வந்த புதிதில் நான் அடித்த ஜம்பம் கொஞ்சநஞ்சமில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஸ்க்ரூ போடுவேன் என்று சொல்லித் திரிந்தேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என் கல்லூரித் தோழன். நோயாளியின் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவனும் ஒத்து ஊதுவான்.

"உன் கைக்கு எதுக்குடா இந்த டிவியெல்லாம்?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இப்போதும் கை துறுதுறுத்தது. திரையை அணைத்துவிட்டுக் கையாலேயே போட்டுவிடலாம். மானமாவது மிஞ்சும்.

தலைமாட்டைப் பார்த்தேன். அந்த நாற்காலியில் இன்று வேறு ஒரு டாக்டர் இருந்தார்.

கருவியைக் கீழே வைத்தேன். என் தொப்பை இடித்துவிட்டது, திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். முகமூடிகளுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே நடந்தார்கள்.

முதல் ஆளாகச் சிரிக்க வேண்டியவன் மட்டும் சிரிக்கவில்லை. பச்சைத் துணிக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தான்.

நேற்றுச் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டிருந்தான்.

"கோவிச்சுக்காதடா. எனக்கு மட்டும் அந்த டிவியைப் பாத்தே போட்டுடு."