ஓனர் வீட்டு நெட்

"இன்னாப்பா பித்தலாட்டம் இது? உன் கடையில பிடிச்ச நெட்டு, என் வூட்டுக்கு வந்தா மட்டும் படுத்துக்குது?"

தசரதன் போட்ட சத்தம் செம்பாக்கம் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் ஐசக் மூன்றாவது தடவையாக மேஜை முன்னால் உட்கார்ந்தான்.

"சார், கடையில உங்க எதிர்லதானே போட்டுக் காட்டினேன்?"

"அதான் கேக்கறேன். அங்க நல்லா காட்டிட்டு, எடுத்துகினு வர்ற வழியில நல்ல பார்ட்டைக் கழட்டிட்டு மட்டமானதை மாட்டிட்டியா?"

ஐசக் லேப்டாப்பின் முன்பக்கம் இருந்த குட்டி வயர்லெஸ் சுவிட்சைத் தள்ளிப் பார்த்தான். ஆஃப் செய்து மறுபடியும் ஆன் செய்தான். அக்கம்பக்கத்தில் வயர்லெஸ் நெட்வொர்க் எதுவுமே இல்லை என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது.

பக்கத்தில் தசரதனின் மகள் தேவதர்ஷினி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாவலூரில் ஒரு கம்பெனி. இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆன்லைனில் ஃபாரம் நிரப்பி அனுப்பினால்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். மணி இப்போதே மூன்றே முக்கால்.

"அப்பா, நான் பிரவுசிங் சென்டர் போயிட்டு வந்துடறேனே."

"சும்மா இரு. வூட்ல லேப்டாப்பை வச்சுகினு தசரதன் பொண்ணு பிரவுசிங் சென்டர் வாசல்ல நின்னா, தெருவுல என்னை எவன் மதிப்பான்?"

அந்தத் தெருவில் பாதி, ஒரு காலத்தில் அவர் அப்பா உழுத நிலம். மீதிப் பாதியையும் தன்னுடையது போலவே நினைத்துக்கொள்வது தசரதனின் வழக்கம்.

ஐசக் எழுந்து ஹாலைச் சுற்றி வந்தான். டி.வி.க்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். போன் ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான்.

"சார், மோடம் எங்க வச்சிருக்கீங்க?"

"இன்னாது?"

"நெட் கனெக்‌ஷன் பொட்டி சார். போன் லைன்ல மாட்டியிருப்பாங்க. லைட் மினுக்கிக்கிட்டே இருக்கும்."

"அந்தப் பொட்டி எதுக்கு? வயர்லெஸ்னு சொல்லித்தானே வித்தான்? வயரே வேணாம், தானா வரும்னான். ரெண்டு வருஷமா தானாத்தான் வந்துகினு இருந்தது."

ஐசக்குக்கு வந்த சிரிப்பு இருமலாக வெளியே வந்தது.

"எப்போலேர்ந்து வரல சார்?"

"ஒண்ணாந்தேதிலேர்ந்து."

"அன்னிக்கு வீட்ல எதாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் மாத்தல. மாடியில குடியிருந்தவங்களைக் காலி பண்ண வச்சேன், அவ்ளோதான். மோட்டார் தண்ணியை உறிஞ்சித் தள்ளிட்டாங்கப்பா. அடுத்தவன் வூட்டுதுன்னு ஒரு கூச்சம் வேணாம்? ஓசியில கிடைக்குதுன்னா மனசாட்சியே இல்லாம எடுக்கறதா?"

தேவதர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

ஐசக் எதையோ தட்டினான். அந்த லேப்டாப் இதுவரை பிடித்த நெட்வொர்க்குகளின் பட்டியல் வந்தது. பட்டியல் என்ன பட்டியல், அவன் கடை நெட்டைத் தவிர ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"சார், ஜஹீரா யாரு?"

தசரதன் மாடிப்படிப் பக்கம் பார்த்தார். ஜஹீராதான் மாடியில் குடியிருந்தவள். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடித்து அனுப்புவது அவள் வேலை.

"உங்க லேப்டாப்புல ஒரு கோளாறும் இல்ல சார். இத்தனை நாளா மாடி வீட்டு நெட்டைத்தான் பிடிச்சிருக்கு. அவங்க போனாங்க, நெட்டும் கூடவே போயிடுச்சு."

தசரதனின் முகம் சிவந்தது. வெட்கம் என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியாது என்று அர்த்தம்.

"அப்போ, என்னை ஒரு வார்த்தை கேக்காம என் வூட்டுக்குள்ள அவங்க நெட்டை விட்டுகினு இருந்தாங்களா?"

ஐசக் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

உள்ளேயிருந்து சர்டிபிகேட் ஃபைலோடு வந்த தேவதர்ஷினி, லேப்டாப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஜஹீரா அக்கா வீட்டுக்கு. கேம்ப் ரோடு பக்கம்தான் போயிருக்காங்க. இப்பதான் போன் பண்ணினேன், உடனே வான்னாங்க."

தசரதன் ஓடிவந்து வாசலை மறித்தார். மானம் என்று ஒன்று இருப்பது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"வேணாம்மா. நாம அவங்க நெட்டை எடுத்தது தெரிஞ்சிடும். வூட்டு ஓனரே திருடிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க."

"அவங்களுக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்பா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க."

"ஏன்?"

"'பாஸ்வேர்டு போட்டா உங்கப்பா மாடியேறி வந்து கேக்க வேண்டியிருக்கும், ஓனர்னு இருக்கறவருக்கு அது சங்கடமா இருக்கும்'னு பாஸ்வேர்டே போடாம விட்டிருந்தாங்கப்பா."