பட்டியலில் இல்லாத சொல்

இப்போது பள்ளியில் எழுத்துகள் சொல்லித் தருவதில்லை. பிள்ளைகள் பட்டியலில் உள்ள சொற்களை முகம் பழகுவதுபோல் பார்த்துப் பழகுகிறார்கள். என் மகள் மெர்லின் வகுப்பிலேயே வேகமாக வாசிப்பாள்.

அவளுக்கு இரண்டு வயதானபோது என் மனைவி இறந்துபோனாள். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கென்று அவள் எழுதிவைத்த கடிதத்தை நேற்று கொடுத்தேன். மெர்லின் தடங்கலில்லாமல் வாசித்து முடித்தாள்.

"முதல் வார்த்தைய விட்டுட்டியேம்மா."

"அது லிஸ்ட்லயே இல்லப்பா. தெரியாதத தாண்டிப் போகணும்னு மிஸ் சொல்லிருக்காங்க."

"எழுத்துக் கூட்டிப் பாரேன்."

"கூட்டணுமா? இது என்ன கணக்காப்பா?"

அவளைத் தொட்டிலில் ஆட்டும்போது கொஞ்சிக் கூப்பிட அவள் அம்மா தானே உண்டாக்கிய சொல் அது. நானே வாசித்தேன்.

"சிமுட்டி."

மெர்லின் சிரித்தாள். "யாருப்பா அது?"