மனசு வேணும், அக்கா!

"பயம்தான். வேற ஒண்ணும் இல்லை," என்று தீர்ப்பு சொன்னார் தலைவர்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து, பூங்கா வாசலில் வியர்வை காய உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் என்றால் ஓட்டக் குழுவின் தலைவர். மற்ற நாட்களில் வங்கி மேனேஜர். பக்கத்தில் காண்ட்ராக்டர், அவருக்குப் பக்கத்தில் கணக்கு வாத்தியார். மூவரும் நூறு கிலோமீட்டர் ஓட்டத்தை ஆளுக்கு ஒரு தடவை முடித்தவர்கள். முடித்ததற்குக் கொடுத்த பனியனைத் துவைக்கிற நாள் தவிர மற்ற நாளெல்லாம் போட்டுக்கொண்டு திரிவார்கள்.

தீர்ப்பு யாருக்கு என்றால், எதிரே ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த போஸ்ட் ஆபீஸ் அக்காவுக்கு. தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. வயதில் மூத்த தலைவருக்கும் அவர் அக்காதான்.

"நாற்பத்திரண்டு கிலோமீட்டர்னா எங்களுக்கு முன்னாடி முடிச்சிட்டு வந்து உட்கார்ந்துக்கறீங்க. நூறுன்னா மட்டும் ஏன் பம்முறீங்க? பேர் குடுக்க இன்னைக்கு சாயங்காலத்தோட கடைசி."

"ஆசை இல்லாம இல்லை சார். ரொம்ப நாள் ஆசை. கனவுலகூட ஓடிக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்புறம் என்ன?"

"பார்க்கலாம் சார்."

"இதான், இதான்!" வாத்தியார் தொடையைத் தட்டினார். "வீட்டுப்பாடம் எழுதாத பசங்களும் இதைத்தான் சொல்வாங்க. கால் வலி, வேலை ஜாஸ்தி, அடுத்த வருஷம் பார்க்கலாம்... ஓடாதவங்களுக்கு ஆயிரம் சாக்கு."

காண்ட்ராக்டர் விடுவாரா? "ஆடத் தெரியாதவ, கூடம் கோணல்னு சொன்னாளாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். தன்னைக் கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவது அவர் சுபாவம். அப்படிப்பட்டவர்கள் தலையில்தானே ஊரே மிளகாய் அரைக்கிறது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சொற்பொழிவுக்கு முன்னால் அப்படித்தான் செய்வார்.

"அக்கா, நூறு கிலோமீட்டர் காலால ஓடறது இல்லை, மனசால ஓடறது. எழுபதாவது கிலோமீட்டர்ல நான் ரோட்டுலயே உட்கார்ந்துட்டேன். போதும்டா சாமின்னு அழுதுட்டேன். அப்புறம் எப்படி எழுந்தேன்? மனசு! அது ஒண்ணுதான் எழுப்பி விட்டுச்சு."

"வாஸ்தவம்," என்றார் வாத்தியார். "எனக்கு வாந்தியா வந்துச்சு. நிக்கவே முடியலை. மனசுதான் இழுத்துக்கிட்டுப் போச்சு."

அக்கா ஷூவைத் தட்டி மண்ணை உதிர்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

"மனசு இருக்கு சார். ஆள்தான் இல்லை."

"என்ன ஆள்?"

"துணை ஆள். அது இல்லாம பேரையே வாங்க மாட்டேங்கறாங்களே. ராத்திரி முழுக்க வண்டியில கூடவே வந்து, தண்ணி குடுத்து, விழுந்தா தூக்கி விட ஒரு ஆள் வேணும். எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் எனக்குன்னு யாரு இருக்கா? பையனும் கடல் தாண்டிப் போயிட்டான்."

"இவ்வளவுதானா!" தலைவர் கடகடவென்று சிரித்தார். "அப்ப நாங்கெல்லாம் எதுக்கு இருக்கோம்? நாம எல்லாம் ஒரே குடும்பம் அக்கா!"

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீங்க வரீங்களா சார்?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"நானா? வரலாம்... எனக்கென்ன... ஆனா அந்த வாரம் பார்த்து பேங்க்ல ஆடிட் வருது."

"ஓட்டம் சனிக்கிழமை ராத்திரிதானே சார்?"

"ஆடிட்டுக்கு சனி ஞாயிறு எல்லாம் உண்டா அக்கா?"

அக்கா வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ராத்திரி கண் முழிச்சா ஒத்துக்கறதே இல்லைம்மா. பித்தம் தலைக்கேறிடும்," என்றார் அவர் அவசரமாக. விடிய விடிய நூறு கிலோமீட்டர் ஓடிய அன்றைக்கு அந்தப் பித்தம் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

காண்ட்ராக்டர் கழுவுற மீனில் நழுவுற மீன். தன் முறை வருவதற்கு முன்பே போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். போன் அடித்ததை யாரும் கேட்கவில்லை.

"அதுவும் இல்லாம," என்று தொடர்ந்தார் தலைவர், "ஓடறதுகூடச் சுலபம் அக்கா. இன்னொருத்தருக்காக ராத்திரி பூரா ரோட்டோரம் நின்னு, காலை அமுக்கி விட்டு, வாந்தியைத் துடைச்சு... அதெல்லாம் எங்களால ஆகற காரியமா?"

"சரி சார்."

இத்தனை பேர் நடுவில் அழுதுவிடக் கூடாது என்று அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டது நன்றாகவே தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, ஷூவைப் பையில் திணித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

பத்தடிகூடப் போயிருக்க மாட்டார்.

"அக்கா, ஒரு நிமிஷம்!" தலைவர் எழுந்து பின்னாலேயே ஓடினார். ஒரு யோசனை வந்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில்.

"எப்படியும் நீங்க இந்தத் தடவை ஓடலைன்னு ஆகிப்போச்சு. என் மச்சினன் இன்னைக்குப் பேர் குடுக்கணும்கறான், துணைக்கு ஆள் கிடைக்காம திண்டாடறான். எங்க மூணு பேருக்கும் விடிய விடிய கூடவே வந்து முடிக்க வெச்ச மாதிரி, அவனுக்கும் நீங்களே வந்துடுங்க அக்கா!"