முதலில் எதிரே வருவது

பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையில் ஏறிய பிறகுதான் என் தம்பி யாக்கோபு அதைச் சொன்னான்.

பெண்டாட்டி பிழைத்துவிட்டால், வீடு திரும்பும்போது வாசலிலிருந்து எது முதலில் எதிரே வருகிறதோ அதைக் கர்த்தருக்குப் பலி கொடுப்பதாக வேண்டிக்கொண்டானாம். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவில், முழங்கால் போட்டு.

கண்ணே திறக்காமல் கிடந்த காந்திமதி இன்று காலையில் கஞ்சி கேட்டாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் அவன் பையிலிருந்து பேப்பர் சுற்றிய பிடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கடைத்தெருவில் வாங்கிய புதுக் கத்தி.

சிரிப்பு வந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

பைபிளில் யெப்தா என்று ஒருவன் இப்படித்தான் நேர்ந்துகொண்டான். அவனுக்கு எதிரே ஓடிவந்தது அவனுடைய ஒரே மகள்.

யாக்கோபுக்கும் ஒரே மகள்தான். அம்சவல்லி. எட்டு வயசு. இந்நேரம் பள்ளிக்கூடம் விட்டு வீட்டில் இருப்பாள்.

"பயப்படாதக்கா. ஆட்டுக்குட்டிதான் வரும். நான் செருமுனாலே மொதல்ல பாஞ்சினு வர்றது அதானே" என்றான்.

அது வராது. டாக்டர் ஊசியை வெளியில் வாங்கிவரச் சொன்னபோது, இவனைக் கேட்காமல் நான்தான் அதைக் கறிக்கடைக்கு ஓட்டிவிட்டேன்.

வழி முழுக்க வாயாலேயே அவனை மடக்கிவிடலாம் என்று பார்த்தேன்.

போன வருஷம் வரை என்னோடு மாதா கோயிலுக்கு வந்தவன்தான். ஜெபக்கூட்டத்தில் சேர்ந்ததிலிருந்து, வேதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது எழுத்துக்கு எழுத்து அப்படியே என்கிறான். எங்கள் சாமியார் யெப்தாவின் கதையை வேறு மாதிரிச் சொல்வார். அந்தப் பெண்ணை எரிக்கவில்லை, கன்னியாக ஆண்டவர் வேலைக்கு விட்டுவிட்டார்கள் என்பார். அதைச் சொன்னேன்.

"தகன பலின்னு எழுதிக்கீது" என்றான்.

"கண்ணு தப்பு பண்ணா புடுங்கிப் போடுன்னும்தான் எழுதிக்கீது. உங்க கூட்டத்துல எத்தினி பேருடா ஒத்தக் கண்ணோட திரியறான்?"

அவன் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"நாங்க இன்னும் அந்த விசுவாசத்துக்கு வர்லக்கா."

ஏரிக்காற்றிலும் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஆபிரகாம் பெத்த புள்ள மேல கத்திய ஓங்கும்போது ஆண்டவரு கையைப் புடிச்சு நிறுத்துனாரே, அது எழுதல?"

"புடிக்கட்டும்கா. அதுக்கு நான் ஓங்கணும் இல்ல?"

ஃபேக்டரி வரப்போகிறது என்று சர்வேக் கல் நட்டுவிட்டுப் போன மேட்டுக்கொல்லை வந்தது. அதைத் தாண்டினால் வீடு. இனி மறைத்துப் பயனில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, ஆட்டை விற்றதைச் சொன்னேன்.

"அது அவளுக்காவத்தான்டா போச்சு. அந்த ஊசிலதான் அவ கண்ணு தொறந்தா. உன் பலி முடிஞ்சிடுச்சு. கத்தியத் தூக்கி ஏரில போடு."

அவன் முகம் வெளுத்தது. சத்தம் வராமல் அழ ஆரம்பித்தான்.

"கடைக்குப் போனது கணக்குல வராதுக்கா. வாசல்லேந்து வர்றதுன்னுதான் சொல்லிட்டேன். மாத்துனா அவள எடுத்துக்குவாரு."

"பின்பக்கமா வந்து தொலைடா!"

"அவர ஏமாத்தச் சொல்றியா?"

அழுதுகொண்டே நடந்தான். நிற்கவில்லை. ஆள்தான் அழுதானே தவிர, கால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். எனக்கு மூட்டுவலி. ஓடி எத்தனையோ வருஷம் ஆகிறது. மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே கொல்லைக்குக் குறுக்கே விழுந்தடித்து ஓடினேன்.

பின்னால் அவன் செருமினான். வேண்டுமென்று செய்தானா, அழுகை தொண்டையில் அடைத்ததா, தெரியவில்லை.

வீட்டுக்குள் "அப்பா!" என்று ஒரு கத்தல்.

நான் வாசலைத் தொட்டபோது அம்சா ஒரு காலைத் தூக்கி நிலைப்படிக்கு மேலே வைத்திருந்தாள். இரண்டு கையாலும் நெஞ்சில் பிடித்து உள்ளே தள்ளினேன். பொத்தென்று விழுந்தாள். கதவை இழுத்துச் சாத்தி, சங்கிலியை மாட்டி, கதவில் முதுகைச் சாய்த்துத் திரும்பி நின்றேன்.

எதிரே யாக்கோபு வந்துவிட்டான். பேப்பரைப் பிரித்திருந்தான்.

அவன் கதவைப் பார்த்தான். சங்கிலியைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். கண்ணீர் தாடி வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே அம்சா அழுதுகொண்டு கதவை உதைத்தாள்.

"அக்கா" என்றான். சின்ன வயசில் இருட்டுக்குப் பயந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவானே, அதே குரல். "நீ வூட்டுக்குள்ளேந்து வந்தியா? இல்ல வெளியவே நின்னுகினு இருந்தியா?"

கேலி இல்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது. நான் சொல்வதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நம்புவான்.

என் கால் நிலைப்படியைத் தாண்டவே இல்லை.

"உள்ளேந்துதான்டா வந்தேன்" என்றேன்.

யாக்கோபு அழுவதை நிறுத்தினான்.